பீரோவுக்குள் பூகம்பம்

ஜூலை 2, புதன்

கல்லூரி டைரி இன்றுதான் கைக்கு வந்தது. ஜனவரியில் தர வேண்டியது. அச்சகத்தோடு என்னவோ தகராறாம். பாதி வருஷம் போய்விட்டாலும் அட்டையில் தாளாளர் படம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய பொன்மொழி ஒன்று. இன்றைக்கு: "ஒழுக்கமே உயர்கல்வி."

ஒழுக்கம் என்றால் எங்கள் மகளிர் விடுதியை வந்து பார்க்க வேண்டும். மூன்று மாடி, ஒரே வாசல். அதில் மடக்கு கிரில் கேட். சாவி வார்டனாகிய என்னிடம். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் பூட்டு, ஏனென்றால் ஓய்வு நாள்தான் ஆபத்தான நாள். பின்பக்கம் இன்னொரு வாசல் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெண் அது வழியாகச் சினிமாவுக்குப் போய் வந்தாள். செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். யோசனை என்னுடையது.

கைபேசி அறவே கிடையாது. இந்த ஒரு வரிக்காகவே பெற்றோர்கள் இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். என்னை மேடையில் உட்கார வைப்பதாகத் தாளாளர் சொல்லியிருக்கிறார். அரக்குப் பட்டு எடுத்து வைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கூட்டம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் பெற்றோர்கள், எதிரே பெண்கள், நடுவே நான் அரக்குப் பட்டில். தாளாளர் குழந்தைவேலு ஐயா பேச எழுந்தார்.

"உங்க புள்ளைங்கள எங்ககிட்ட விட்டுப்போட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாமுங்க. செல்போனுன்னா என்னன்னே இங்க புள்ளைங்களுக்கு மறந்துபோச்சுங்க…"

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப்பையே அலறியது. சாதாரண மணி இல்லை. ஆம்புலன்சும் ஆட்டுக்கல்லும் சேர்ந்து அழுவதுபோல் ஒரு சத்தம். அடுத்து பெற்றோர்களின் பைகள். எல்லாரும் எடுத்துப் பார்த்து அணைத்தார்கள். ஐயா புன்சிரிப்போடு காத்திருந்தார்.

சத்தம் நிற்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சாக்ஸ், துப்பட்டா, டிபன் பாக்ஸ். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் பூச்சரத்துக்குள்ளிருந்து வந்ததை நான் இன்னும் நம்பவில்லை. பிறகு மாடியில் ஆரம்பித்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று கட்டடமே ஒப்பாரி வைத்தது. கூடத்துச் சரஸ்வதி படத்துக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. சமையல்கார மாராள் உள்ளேயிருந்து ஓடிவந்து எல்லார் முன்னாலும் கத்தினாள்:

"மேடம், அரிசி டிரம் கத்துதுங்க!"

கடைசியில் அத்தனை கைபேசிகளிலிருந்தும் ஒரு பெண் குரல் அமைதியாகச் சொன்னது: "இது ஒரு சோதனைச் செய்தி. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

ஒரு தகப்பனார் சிரித்தார். ஒருவர் ஆரம்பித்தால் போதாதா?

நிலநடுக்கம், வெள்ளம் வந்தால் முன்கூட்டியே எச்சரிக்க எல்லாக் கைபேசிக்கும் செய்தி வரும், அதற்கு ஒத்திகை என்று பேப்பரில் போட்டிருந்தது. நான் படித்தேன். கைபேசி உள்ள இடங்களுக்குத்தானே அது என்று அலமாரித் தட்டில் விரித்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

காலை முதல் சோதனை போட்டு எல்லாவற்றையும் பறிமுதல் செய்து என் அறை இரும்பு பீரோவில் வைத்தேன். என் அறை கிரில் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. அங்கே காற்றுக்குக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

தேடாமலேயே கொண்டுவந்து கொடுத்தவள் ஒருத்திதான். தர்ஷனா. இரண்டாம் வருஷம் வேதியியல், கொடுமுடிக்காரி. அவளுடைய அம்மா நூல் மில்லில் ஷிப்டு வேலை. நேற்றுக் கூட்டத்துக்குக்கூட வரவில்லை.

"மேடம், நேத்து என் போன் மட்டும் கத்தலீங்க. செட்டிங்ல ஏதோ ஆஃப்ல இருக்குமாட்டத் தெரியுதுங்க. நீங்களே வெச்சுக்கறதுன்னா அதைக் கொஞ்சம் சரி பண்ணி வையிங்க."

"கத்தாத போனைக் கத்த வைக்கணுமா? உனக்குக் கொழுப்பா?"

"இல்லீங்க மேடம். அது பூகம்பம் வந்தா முன்னாடியே சொல்றதுக்குத்தானுங்க. வேற எங்கியோ நிலம் ஆடுனா, அந்த ஆட்டம் நம்மகிட்ட வர்றதுக்குள்ள சேதி வந்துருமுங்க. கொஞ்ச நேரந்தான் கிடைக்கும், ஆனா போதுமுங்க."

"இங்கெல்லாம் பூகம்பம் வராது."

"யாருங்க சொன்னாங்க?"

"பதினோரு வருஷமா நான் இங்க இருக்கேன். வந்ததே இல்லை."

சரியான பதில் என்றே நினைக்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மாதிரிப் பார்க்கிற பெண்கள் வாழ்க்கையில் முன்னேறுவது கஷ்டம்.

ஜூலை 6, ஞாயிறு

பிள்ளைகளிடம் கைபேசி உண்டு என்று தெரிந்த பிறகு பெற்றோர்களுக்குப் பேச ஆசை வந்துவிட்டது. அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. தாளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் கைபேசியைக் கொடுப்பது, பிறகு சார்ஜ் போட்டு பீரோவில் பூட்டுவது. இதற்கு "கைபேசிப் பராமரிப்புக் கட்டணம்" என்று தனியாக வசூல். குற்றத்தை வருமானமாக மாற்றத் தெரிந்தவர்தான் நிர்வாகி.

கிரில் கேட்டைத் திறக்காமல் கம்பி இடுக்கு வழியாகவே ஒவ்வொன்றாக நீட்டினேன். கைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன. மிருகக்காட்சிசாலையில் கடலை கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் மாராள். அவளுக்கு வாய் அதிகம்.

தர்ஷனா தன் கைபேசியை வாங்கியதும் அம்மாவிடம் பேசாமல் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "இப்ப கத்துமுங்க மேடம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஜூலை 9, புதன்

சாம்பாரில் கிடந்தது பல்லி இல்லை, கறிவேப்பிலைக் காம்பு. விசாரணை முடிந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் கைபேசி நேரம் முடிந்து எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். பீரோ அலறியது.

அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். ஆனால் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள். கதவு அதிர்ந்தது. அரசாங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஒத்திகையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் எனக்கென்று ஏதாவது அலாரம் வைத்திருக்க வேண்டும். பீரோவை உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினேன். உள்ளே அந்தப் பெண் குரல் நூறு வாயால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏதோ சொல்லிற்று. "உடனே" என்ற ஒரு சொல்தான் புரிந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் தர்ஷனா ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள்.

"மேடம், அது டெஸ்ட் இல்லீங்க! கேட்டத் தொறங்க!"

"நாடகம் போடாதே. மேலே போ."

"மேடம், ப்ளீஸுங்க!"

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேஜை என் முழங்காலில் இடித்தது. மேஜைக்குக் கால் உண்டே தவிர நடக்காது என்று எனக்குத் தெரியும். சுவரில் தாளாளர் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தரையடியில் பெரிய லாரி ஒன்று போவதுபோல் உறுமல்.

நான் முற்றத்துக்கு வந்தேன். ஆபத்து நேரத்தில் கட்டடத்தை வெளியிலிருந்து பார்வையிடுவது வார்டனின் கடமை. செருப்பு மாட்ட நேரமில்லை. பேட்மிண்டன் மைதானத்தின் கோடி வரை போய்ப் பார்வையிட்டேன். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலின் வெயில் தடுப்புச் சிலாப்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பெண்கள் எல்லாரும் படியிறங்கிக் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கூச்சல்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாராள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவி எங்கீங்க? ஏனுங் மேடம், சாவி எங்கீங்க?"

சாவிக்கொத்து பீரோவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அறைக்குள் மறுபடி போக வேண்டும். நான் போனேன். போவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று மாராள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளிடம் கடிகாரமே கிடையாது.

பூட்டைத் திறந்தும் கேட் மடங்கவில்லை. உள்ளேயிருந்து அத்தனை பேரும் நெருக்கியதில் இறுகிவிட்டது. பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று கத்தினேன். நான் சொல்லி அவர்கள் கேட்காதது அதுதான் முதல் தடவை. மாராளும் நானுமாக இழுத்துத் திறந்தபோது ஆட்டம் நின்றே போயிருந்தது.

எல்லாருக்கும் முன்னால் தர்ஷனா. என் அறைப் பக்கமாகக் கம்பி இடுக்கு வழியாக நீட்டிய வலது கை வெளியே இருக்க, உடம்பு உள்ளே நசுங்கிக் கிடந்தது. முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்துவிட்டது. கழுத்தெலும்பும். இன்னும் சில பேருக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்கு மயக்கம். உயிருக்கு ஒன்றும் இல்லை.

சிலாப்பு விழுந்த இடத்தில் எப்போதும் துணி காயப்போடுவார்கள். இன்று கேட் பூட்டியிருந்ததால் யாரும் அங்கே இல்லை என்று தாளாளரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு ஏனோ எனக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

ஜூலை 14, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. கேட்டைப் பூட்டவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பில் விஷயமாக. போகிற வழிதானே என்று கொஞ்சம் ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுபோனேன். விடுதியில் மிஞ்சியது. விடுதியில் நேற்றும் இன்றும் சமையலே நடக்கவில்லை, பிள்ளைகள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று மாராள் கூடவே வந்து நர்ஸிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துப் போனது தப்பு.

தர்ஷனாவின் அம்மா நாகமணி கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மில் சீருடையோடு வந்தவள் அதை இன்னும் மாற்றவில்லை. சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்து முக்காலியை எனக்குப் போட்டாள்.

"எங்க மில்லுலயும் போனு கத்துச்சுங்க மேடம். நானு பையில வெச்சிருந்தனுங்க, புள்ள கூப்புடுவாளேன்னு. கத்துனதுமே சூப்பர்வைசர் மிசினை நிறுத்துன்னாருங்க. எல்லாரும் வெளிய வந்துட்டமுங்க. எங்களுக்கு ஒரு ஆட்டமும் தெரியலீங்க. இங்க என்ன ஆச்சோன்னுதான்…"

"உங்கள் மில்லில் கேட் திறந்திருந்ததா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அது எப்பவும் தொறந்துதானுங்க இருக்கும். ஆளு இருக்கறப்ப பூட்டுவாங்களா?"

வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். நான் ரசப் பாத்திரத்தை எடுத்து மாராளிடம் நீட்டினேன்.

தர்ஷனா கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தாள். "மேடம், என் போனு கத்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சேர்ந்து கத்தினதில் உன்னுடையது தனியாகத் தெரியவில்லை."

"உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சில்லீங்க?"

"கேட்டது."

அவள் துவையலை இன்னும் கொஞ்சம் கேட்டாள். மாராள் ஊட்டினாள். நான் பில்லைப் பார்க்கப் போனேன். பில் கவுண்டர் மூடியிருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

தாளாளர் அறையில் எனக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. பதினோரு வருஷத்தில் பிஸ்கட் இதுதான் முதல் தடவை.

நாளை கோட்டாட்சியர் விசாரணைக்கு வருகிறார். வாக்குமூலம் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. என்னைச் சிரமப்படுத்தக் கூடாதாம். அதன்படி நிலநடுக்கம் லேசானது. கைபேசி எச்சரிக்கை கிளப்பிய பீதியால் மாணவிகள் ஓடிவந்து படியில் தடுக்கி விழுந்தார்கள். கேட் திறந்திருந்தது. ஆகவே இனிக் கைபேசியை இன்னும் கடுமையாகத் தடை செய்வது என்று நிர்வாகம் முடிவெடுத்துள்ளது. படித்தபோது, தவறெல்லாம் பூகம்பத்தைப் பற்றிச் சொன்னவர்கள் மேல்தான் என்று எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. நன்றாக எழுதியிருந்தார்கள்.

"மரகதம்மா, கேட்டு தொறந்து இருந்துச்சுன்னு ஒரு வரிதானுங்க. அதுக்குமேல உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து நீங்க வார்டன் இல்லீங்க, விடுதி இயக்குநருங்க. போர்டுல பேரு போட்டறலாம்."

வெளியே வாசலில் ஆட்கள் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். "பேரிடரிலும் பாதுகாப்பான வளாகம்." பெயர்ந்த சிலாப்பு தெரியாதபடி சரியாக மூன்றாம் மாடி ஜன்னலை மறைத்தார்கள். "பாதுகாப்பான" என்பதில் துணைக்கால் ஒன்று குறைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

கோட்டாட்சியர் சின்ன வயதுப் பெண். என் விடுதியில் இருந்தால் மூன்றாம் மாடியில் போட்டிருப்பேன். தட்டச்சான வாக்குமூலத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கேட் திறந்திருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. இது சரிதானா?"

தாளாளர் எனக்கு எதிரே உட்கார்ந்து புன்சிரித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாணவிகள் உள்ளே இருக்க, நான் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேனாம். என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

"இதில் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன். "பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கேட் திறந்திருந்தது கிடையாது. அன்றைக்கும் பூட்டித்தான் இருந்தது. நானே பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன்."

தாளாளர் இருமினார். "அம்மாவுக்கு அதிர்ச்சிங்க. ஞாபகம் கொஞ்சம்…"

"என் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை."

கோட்டாட்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வேற வழி? பின்வாசல்?"

"செங்கல் வைத்து அடைத்தது. யோசனை என்னுடையது. ஐயா பாராட்டினார். அந்த வருஷ ஆண்டு விழாவில் சால்வைகூடப் போர்த்தினார்."

"எச்சரிக்கை வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"என் அறையில்தான் வந்தது. விடுதிப் பெண்கள் அத்தனை பேருடைய கைபேசியும் என் பீரோவில் இருந்தது. இந்தக் கல்லூரியிலேயே அதிகமாக எச்சரிக்கப்பட்டவள் நான்தான்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

கடமையின்படி வெளியிலிருந்து பார்வையிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாராள் நின்றுகொண்டிருந்தாள்.

"பீரோவைத் தட்டினேன். பிறகு ஓடினேன்" என்றேன்.

 நான் சொன்னதை அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அதில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பணி நீக்கம். காரணம்: மாணவிகளை உள்ளே வைத்துப் பூட்டியது. நிர்வாகத்துக்குத் தெரியாமல்.

போகுமுன் பீரோவைக் காலி செய்து ஒப்படைப்பதுதான் முறை. ஊருக்குப் போகாத பெண்களைக் கூப்பிட்டு அவரவர் கைபேசியைக் கையில் கொடுத்தேன். மற்றதை மாராளிடம் கொடுத்தேன். கேட் சாவியைக் கேட்டு அலுவலகத்து ஆள் வந்தான். சாவி எங்கேயோ தவறிவிட்டது என்றேன். பெட்டி தூக்கி ஆட்டோவில் ஏறும்வரை அவன் தேடிக்கொண்டிருந்தான். பாவம், கிணற்றில் போய் யார் தேடுவார்கள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

தாராபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறேன். கரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வார்டன் வேலைக்கு ஆள் தேடுவதாகத் தங்கை வீட்டுக்காரர் விசாரித்துச் சொன்னார். இன்று போனேன். கண்டிப்பான ஆள் என்று என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களாம். செய்தித்தாளில் வந்ததைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களோ என்னவோ.

சம்பளம் முன்னைவிட அதிகம். தனி அறை, சாப்பாடு இலவசம். விடுதியைச் சுற்றிக் காட்டினார்கள். புதுக் கட்டடம், நாலு மாடி. வாசலில் நல்ல கனமான கேட். உள்ளே இரண்டு பெண்கள் படியில் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றார்கள்.

"இதுக்குச் சாவி?" என்று மேலாளரைக் கேட்டேன்.

"உங்ககிட்டத்தான் மேடம் இருக்கும். வேற யாருக்கும் கொடுக்கறதில்ல."

"கைபேசி?"

"எல்லாம் வாங்கி உள்ள வெச்சிருக்கோம். நீங்க வந்தா இன்னும் டைட் பண்ணிடலாம்."

அலுவலகத்தில் காபி கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது. ஆறின காபி கொடுக்கிற இடத்தில் என்னால் வேலை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியில் அந்த இரண்டு பெண்களையும் கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பெயர் கேட்டேன், சொன்னார்கள். ஒருத்தி, "நீங்கதான் எங்களுக்குப் புது வார்டனா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, காபி ஆறிப்போச்சுன்னுதானா இத்தனை நல்ல வேலையை வேண்டாம்னுட்டு வந்தே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?